பக்கத்துக் கட்டிலுக்குப் போன பேச்சு

எங்கள் வீட்டுக்காரர் யேசுவடியான் கர்த்தருக்குள் போய் நாலு மாதமாகிறது. அவருக்கு வந்த வியாதி என்ன, ஆஸ்பத்திரியில் என்னென்ன செய்தார்கள், மற்றவர்களுக்கு உதவுமே, எழுதிக் கொடுங்கள் என்று சபைப் பெண்கள் கேட்டார்கள். எழுதுகிறேன். ஆனால் அவர்கள் எதிர்பார்ப்பதுபோல் பொறுமையாகவும் பக்தியாகவும் இருந்தேன் என்று எழுத எனக்கு வராது. அந்த ஐந்து வாரமும் எனக்கு வயிற்றெரிச்சல். அதுவும் யார்மேல்? ஒரு கிழவர்மேல். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம்.

முதலில் என் புருஷனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தரங்கம்பாடிப் பக்கத்தில் லுத்தரன் மிஷன் பள்ளியில் வாசிக்கக் கற்றுக்கொண்டவர். எழுதப் பழகுமுன் கப்பலேறிவிட்டார். கோலசிலாங்கூருக்கு வடக்கே எங்கள் ரப்பர்த் தோட்டத்தில் இருபது வருஷம் பால்மரம் வெட்டினார். அதன்பிறகு தோட்டத்து எல்லைக்கு அப்பால் ஆற்றோரம் மூன்று ஏக்கர் புதரைக் கழித்துக் காய்கறி போட்டார். ஜப்பான்காரன் காலத்தில் அரிசி இல்லாமல் தொழிலாளர் குடியிருக்கும் லயமே பட்டினி கிடந்தபோது அந்த மண்ணில் கேழ்வரகு விதைத்து, பத்துப் பதினைந்து குடும்பங்களுக்குக் கூழ் ஊற்றினவர். அறுப்பின் பண்டிகைக்கு எங்கள் சின்னக் கோயிலில் முதல் பூசணிக்காய் எப்போதும் அவருடையதுதான். எழுபது வயதிலும் மண்வெட்டியை இன்னொருவர் கையில் கொடுக்கமாட்டார்.

பேசமாட்டார். அதுதான் அவரிடம் ஒரே குறை. "ம்" என்பார். ரொம்ப சந்தோஷமாக இருந்தால் "ம் ம்" என்பார். சோற்றில் உப்பு இல்லையென்றால் தட்டைச் சற்றுத் தள்ளி வைப்பார், நானாக உப்பு ஜாடியை எடுத்து வைக்கவேண்டும். முப்பத்தெட்டு வருஷம் இப்படி. சில மனுஷர் அப்படித்தான் என்று நானும் மனதைத் தேற்றிக்கொண்டிருந்தேன்.

காட்டுக்குள் சண்டை மூண்டு வெள்ளைக்காரன் அவசரகாலம் போட்டபோது எங்களை ஆற்றோரத்து வீட்டைவிட்டுக் கிளப்பி, தோட்டத்து லயத்தில் ஒரு அறை கொடுத்தார்கள். லயத்தைச் சுற்றி முள்வேலி. காலை ஆறு மணிக்குக் கேட் திறக்கும், சாயங்காலம் ஆறு மணிக்கு மூடிவிடுவார்கள். பாஸ் இருந்தால்தான் வெளியே போகலாம். துப்பாக்கியோடு காட்டில் ஒளிந்திருப்பவர்களுக்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்று, ஒரு பிடி அரிசியோ மாவோ கேட்டுக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது. அவர் காலையில் வெறும் வயிறோடு ஆற்றோரத்துக் காய்கறிக் கொல்லைக்குப் போய், வெயில் ஏறியதும் திரும்பிவந்து சாப்பிட்டுவிட்டு, மறுபடி போவார். அந்த நடையில்தான் உடம்பு இளைக்கிறது என்று நினைத்தேன். அது என் முதல் முட்டாள்தனம்.

சோறு தொண்டையில் நிற்கிறது என்று சைகை காட்டினார். தண்ணீர் குடித்துத் தள்ளிப் பார்த்தார். பிறகு சோறு இறங்கவில்லை, பிறகு களியும் இறங்கவில்லை. குரலும் கம்மிப்போனது. தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரெஸ்ஸர் நாக்கை அமுக்கிப் பார்த்துவிட்டு, "இது நம்மளால ஆவாதும்மா, கவர்ன்மெண்ட் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க" என்று லோரியில் ஏற்றிவிட்டார்.

ஆஸ்பத்திரியிலிருந்து அவரைக் கிள்ளானுக்கு அனுப்பிப் படம் எடுத்தார்கள். பேரியம் என்று சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரி ஒரு கரைசல். அதைக் குடிக்கச் சொல்லி, அது இறங்க இறங்க எக்ஸ்ரே எடுக்கிறார்கள். எங்கே அடைப்பு இருக்கிறதோ அங்கே அந்த வெள்ளை மெலிந்து நூலாகப் போவது படத்தில் தெரியும். பிறகு வாய்வழியாக ஒரு குழாயை விட்டு, துளி சதை கிள்ளிச் சோதனைக்கு அனுப்பினார்கள். பதில் வரப் பத்து நாள். அவருக்குப் பொதுவார்டில், ஜன்னலோரம் ஒரு கட்டில்.

டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். பதில் வந்ததும் என்னை வெளிவராந்தாவுக்குக் கூப்பிட்டுச் சொன்னார்.

"அம்மா, இது தொண்டையில இல்லை. சாப்பாடு இறங்கிற குழாயில புற்று. அறுத்து எடுக்கிற கட்டம் தாண்டிப் போச்சு."

"அப்ப சாப்பாடு?"

"வயித்தில ஒரு துளை போட்டு ரப்பர்க் குழாய் வழியாக் கஞ்சி விடலாம். கேட்டன். மாட்டன் எண்டு தலையாட்டிப்போட்டார். நல்லாத் தண்ணியாக் குடுத்தால் இன்னும் கொஞ்ச நாள் தானா இறங்கும்." தன் கழுத்தைத் தொட்டுக் காட்டினார். "இன்னொண்டு. கட்டி வளர்ந்து குரலுக்குப் போற நரம்பை அமுக்குது. இன்னும் ரெண்டு மூண்டு கிழமையில சத்தமே வராமல் போகும். கதைக்க வேண்டியதை இப்பவே கதைச்சுப்போடுங்கோ."

எனக்கு அழுகை வரவில்லை. பேசவே பேசாத மனுஷரிடம் போய், மூன்று வாரத்துக்குள் பேசி முடியுங்கள் என்றால் என்ன செய்வது என்றுதான் நின்றேன். அவரிடமிருந்து எனக்கு ஒரே ஒரு பேச்சு வரவேண்டியிருந்தது. அதை இங்கே சொல்லியாகவேண்டும்.

எங்கள் மூத்த பிள்ளை சாமுவேல். ஒன்றரை வயது. ஒரு நாள் காலை காய்ச்சலாக இருந்தவனைத் தோட்டத்து ஆயாக்கொட்டாயில் விட்டுவிட்டு நான் பால் வெட்டப் போனேன். வேலைக்குப் போகிற பெண்கள் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளக் கட்டிய கொட்டகை அது. பத்து மணிக்கு ஆள் வந்து கூப்பிட்டார்கள். ஓடிப்போய்ச் சேருமுன் பிள்ளை போய்விட்டான். அன்றிலிருந்து அவர் வாயில் அந்தப் பெயர் வரவில்லை. பிறகு மேரி பிறந்து, வளர்ந்து, சுங்கை பெசாருக்குக் கட்டிக்கொடுத்து அனுப்பினோம். அவளிடம்கூட உனக்கு ஒரு அண்ணன் இருந்தான் என்று அவர் சொன்னதில்லை. நான்தான் பிள்ளையைக் கொன்றேன் என்று நினைக்கிறார், அதனால்தான் அந்தப் பெயரை எடுப்பதில்லை என்று நான் முடிவு கட்டியிருந்தேன். திட்டியாவது தொலைக்கட்டும், அந்தப் பெயரை ஒருதரம் என்னிடம் சொல்லட்டும் என்பதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

ஆறு மணிக்குக் கேட் திறந்ததும் கிளம்பி, நடந்து, பஸ் பிடித்து, வழியில் இரண்டு இடத்தில் இறக்கிச் சோதனை போட்டு, ஆஸ்பத்திரி போய்ச் சேரப் பதினொன்றாகும். ஒரு மணியிலிருந்து இரண்டு வரை பார்க்க விடுவார்கள். பிறகு ஓட்டமாக ஓடினால்தான் ஆறுக்குள் வேலிக்குள் நுழையலாம். மேரி இரண்டு சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவாள். அவள் தைத்துக் கொடுத்த மெத்தென்ற பனியனைத்தான் அவர் கடைசிவரை போட்டிருந்தார். மற்ற நாள் எனக்கு ஒரு மணி நேரம். அந்த ஒரு மணியையும் தின்ன ஒரு ஆள் இருந்தார்.

பக்கத்துக் கட்டில் மரைக்காயர். வார்டில் எல்லாரும் அவரை அண்ணன் முறை வைத்து 'நானா' என்று கூப்பிடுவார்கள், நான் மட்டும் கூப்பிடமாட்டேன். நாகப்பட்டினம் பக்கத்துக்காரர், டவுனில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர். சர்க்கரை வியாதியால் பாதத்தில் ஆறாத புண், தடியூன்றி நொண்டி நொண்டி நடப்பார். நல்ல சிவப்பு, நல்ல தொந்தி, நல்ல வாய். முதல் வாரம் நான் வார்டுக்குள் நுழையும்போது கண்டது என்ன தெரியுமா? என் புருஷன் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். மரைக்காயர் முக்காலியில் உட்கார்ந்து, கடையிலிருந்து வந்த கஞ்சியைக் கரண்டியால் ஊட்டுகிறார். என் புருஷன் ஆவென்று வாய் திறக்கிறார்! காய்ச்சலில் கிடந்தபோதும் என் கையால் ஒரு வாய் வாங்காத மனுஷர்.

"வாங்க தங்கச்சி. அண்ணன் இன்னிக்கு முக்கால் கோப்பை எறக்கிட்டார் லா!" என்றார் மரைக்காயர், தன் பிள்ளை பாஸாகிவிட்டதுபோல்.

"ரொம்ப சந்தோஷம்," என்றேன். சந்தோஷமாவது மண்ணாவது.

அதைவிடக் கொடுமை பேச்சு. கம்மிப்போன அந்தக் குரலில் என் புருஷன் பேசிக்கொண்டிருந்தார். மணலில் எந்தக் கிழங்கு வரும், கேழ்வரகுக்கு எத்தனை தண்ணீர், பூசணிப் பூ ஏன் உதிரும், தரங்கம்பாடிக் கடல் எந்த மாதம் சீறும். மரைக்காயர் ஒரு கேள்வி போடுவார், இவர் பத்து வாக்கியம் சொல்வார். பத்து வாக்கியம்! நான் எண்ணினேன். நான் போய் உட்கார்ந்ததும், "வந்துட்டியா" என்பார். அவ்வளவுதான். "எப்படி இருக்கு?" என்றால் "ம்."

அவருக்குக் குரல் கொஞ்சம்தான் பாக்கி இருக்கிறது. அதை ஒரு சாப்பாட்டுக் கடைக்காரருக்கு அள்ளி அள்ளிக் கொடுக்கிறார். என் வயிறு எரியாதா? பஸ்ஸில் வரும்போதெல்லாம் மரைக்காயரை மனதுக்குள் வைதுகொண்டே வருவேன். அவருக்குக் காலில் புண் ஆறி வீட்டுக்குப் போய்விடவேண்டும் என்று ஜெபம்கூடப் பண்ணினேன். அவருடைய நன்மைக்காக இல்லை.

மூன்றாம் வாரத்தில் ஒரு நாள் பஸ் சீக்கிரம் வந்துவிட்டது. வார்டு ஆயா என்மேல் இரக்கப்பட்டு முன்னதாகவே உள்ளே விட்டாள். இருவரும் முதுகைக் காட்டி ஜன்னல் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். என் புருஷனுடைய குரல், காற்றாகத்தான் வந்தது, ஆனால் தெளிவாகக் கேட்டது.

"...சாமுவேலுன்னு பேரு."

அப்படியே நின்றுவிட்டேன். மரைக்காயர் திரும்பிப் பார்த்து, "தங்கச்சி வந்துட்டாக" என்றார். என் புருஷன் வாயை மூடிக்கொண்டார். அன்றைக்கு முழுக்க ஒரு "ம்" கூட இல்லை. நானும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அங்கேயே மரைக்காயர் தலைமுடியைப் பிடித்திருப்பேன், அவருக்கு முடி இல்லாவிட்டாலும்.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். கஞ்சியால்தானே அந்த ஆள் உள்ளே புகுந்தார்? என் புருஷனுக்கு உயிரான கேழ்வரகுக் கூழை நான் காய்ச்சி என் கையால் ஊட்டினால், எனக்கும் இரண்டு வார்த்தை கிடைக்காதா? டவுன் கடைகளில் தேடிப் பார்த்துவிட்டேன், கேழ்வரகு இல்லை. வீட்டுப் பானையில் அவர் விளைவித்தது இருந்தது. அரைத்துச் சலித்து, இரண்டு கைப்பிடி மாவைத் துணியில் முடிந்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டேன். ஆஸ்பத்திரிச் சமையற்கட்டில் அடுப்புக் கொடுக்க ஒரு மலாய்க்கார அம்மா ஒத்துக்கொண்டிருந்தாள். சட்டம் தெரியாமலா? நன்றாகத் தெரியும். கிழவியை யார் தடவிப் பார்க்கப் போகிறார்கள் என்ற தைரியம்.

கேட்டில் பெண்களைச் சோதிப்பவள் முனியம்மா, எங்கள் லயத்துக்காரி. தினமும் சும்மா தோளைத் தொட்டுவிட்டு விடுவாள். அன்றைக்கு மேலதிகாரி ஒருவர் பக்கத்திலேயே நின்றார். அவள் கை முடிச்சில் பட்டது.

"என்னாக்கா இது?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"மாவுடி. அவருக்குடி."

"ஐயோ, இந்த மனுசன் பாத்துட்டானே. நான் என்னா செய்வேன்க்கா..."

போலீஸ் ஸ்டேஷனில் நாள் முழுக்க பெஞ்சில் உட்கார வைத்தார்கள். காட்டில் யாருக்குக் கொடுக்கப் போனாய் என்று அதையே திருப்பித் திருப்பிக் கேட்டார்கள். என் புருஷனுக்கு என்றேன். ஆஸ்பத்திரியில் சாப்பாடு போடுவார்களே என்றார்கள். அதற்கு நான் என்ன பதில் சொல்வது? அங்கே ஒரு மரைக்காயர் இருக்கிறார் என்றா? கடைசியில் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி வந்து சொல்லி விடுவித்தார். ஆனால் பாஸைப் பிடுங்கிக்கொண்டார்கள். ஒரு வாரத்துக்கு வேலியைத் தாண்டக்கூடாது.

அந்த ஒரு வாரம் நான் இருந்த இருப்பை எழுத முடியாது. நாளுக்கு நாள் குரல் தேய்கிறது, அதை உட்கார்ந்து கேட்பது மரைக்காயர். வேலியோரம் நின்று பஸ் போகிற திசையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். என் பொறாமைதானே என்னை இங்கே கட்டிப்போட்டது என்று தலையில் அடித்துக்கொள்வேன். அடித்துக்கொண்டே, இந்நேரம் கரண்டியைத் தூக்கியிருப்பார் என்று திரும்பவும் எரிவேன். முனியம்மா தன் வீட்டில் பொங்கியதைத் தினம் ஒரு கிண்ணம் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் போவாள். நல்ல பெண். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை.

பாஸ் கிடைத்த அன்று ஓடினேன். அவர் படுத்திருந்தார், உட்கார முடியவில்லை. கன்னம் ஒட்டிப்போயிருந்தது. என்னைக் கண்டதும் வாயைத் திறந்தார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. காற்றுகூட வரவில்லை.

"முந்தாநாள் நின்னு போச்சு தங்கச்சி," என்றார் மரைக்காயர். கண் கலங்கியிருந்தது. எனக்கு அந்தக் கண்ணைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

அன்று எங்கள் சபைக் குருவும் வந்திருந்தார். குருவை நாங்கள் ஐயர் என்போம். ஏழெட்டுத் தோட்டங்களுக்கு அவர் ஒருவர், பாதுகாப்பு வண்டி கிடைக்கிற நாளில்தான் வருவார். நோயாளிக்கு நற்கருணை கொடுக்க அப்பமும் திராட்சரசமும் கொண்டுவந்திருந்தார். எங்களில் ஒரு வழக்கம் உண்டு. நற்கருணை எடுப்பவர் முன்கூட்டியே ஐயரிடம் பெயர் கொடுக்கவேண்டும். அப்போது, யார்மேலாவது மனத்தாங்கல் உண்டா என்று அவர் கேட்பார். இருந்தால் முதலில் ஒப்புரவாகிவிட்டு வரவேண்டும். வழக்கமாக எல்லாரும் "இல்லை ஐயரே" என்றுதான் சொல்வோம். நானும் முப்பத்தெட்டு வருஷம் அப்படித்தான் சொல்லி எடுத்தேன். இது என் புருஷனோடு எடுக்கப்போகும் கடைசி நற்கருணை.

"ரெபேக்காள் அம்மா, யார்மேலாவது மனத்தாங்கல் உண்டா?"

பொய் சொல்லத்தான் வாயெடுத்தேன். என் புருஷன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருக்கு ஐயரே," என்றேன். "அந்தா உக்காந்திருக்காரே, அவர்மேல."

மரைக்காயர் கையிலிருந்த தடி நழுவி விழுந்தது. "என் மேலயா? நான் என்னா தங்கச்சி செஞ்சேன்?"

"என்னா செஞ்சீங்களா? என் புருசன் பேச்சப் பூரா நீங்க வாங்கிட்டீங்க. எனக்கு ஒண்ணும் மிச்சம் வக்கல. எம்புள்ள பேர அவர் வாயால கேக்க நான் எத்தினி வருசமாக் காத்துக் கெடக்கறேன். உங்ககிட்ட சொல்லிட்டார். பொறாமை ஐயரே. வேற ஒண்ணுமில்ல, பொறாமை."

வார்டே திரும்பிப் பார்த்தது. ஐயர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மரைக்காயர் குனிந்து தடியை எடுத்தார். பிறகு என் புருஷனிடம், "அண்ணே, சொல்லிடவா?" என்று கேட்டார். அவர் கண்ணை மூடித் திறந்தார்.

"தங்கச்சி, அவர் சொன்னத அப்படியே சொல்றேன். 'அன்னிக்குப் புள்ளைக்குக் காச்ச, அவ வேலைக்குப் போகமாட்டேன்னு நின்னா. வேலைக்குப் பேர் கூப்புடுற நேரமாச்சு போன்னு வெரட்டுனது நான். அவ கையில இருந்து புள்ளையப் புடுங்கிக் கொட்டாய்ல வுட்டதும் நான். அதுக்கப்புறம் எந்த மொகத்த வச்சுக்கிட்டு அவகிட்டப் பேசுவேன் மரைக்கா'ன்னார். இதத்தான் சொன்னார். சொல்லிட்டு அழுதார்."

ஆனால் அது நடக்கவே இல்லை. அன்றைக்கு அவர் விடியுமுன்பே தோட்டத்தின் தூரத்து மலைப்பக்கத்துக்குப் பால் வெட்டப் போய்விட்டார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டுபோய் விட்டது நான். ஒருவரும் விரட்டவில்லை. இத்தனை வருஷம் நினைத்து நினைத்து அவருக்கே அப்படிப் பதிந்துபோனதா, இல்லை என்னைக் காப்பாற்ற அந்த மனுஷரிடம் கட்டிச் சொன்னாரா, எனக்கு இன்றுவரை தெரியாது.

கட்டிலோரம் குனிந்தேன்.

"பொய்யி. நீங்க அன்னிக்கு வூட்லயே இல்ல. நாந்தான் கொண்டுபோய் வுட்டேன்."

அவர் தலையை ஆட்டினார். இல்லையாம்.

"நாந்தாங்கறேன்!"

எலும்பாகிப் போன கையைத் தூக்கித் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டார். நான் அந்தக் கையைப் பிடித்து என் நெஞ்சில் வைத்தேன். இழுத்துத் திரும்பத் தன் நெஞ்சில் வைத்தார். அந்த உடம்பில் எங்கேயிருந்து அத்தனை பலம் வந்ததோ. நானும் விடவில்லை. கல்யாணமானதிலிருந்து நாங்கள் போட்ட முதல் சண்டை அதுதான். ஐயர் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார், குறுக்கே வரவில்லை. கொஞ்சம் ஓய்ந்ததும் இருவருக்கும் சேர்த்துப் பாவமன்னிப்பு சொன்னார். எனக்கு அப்பமும் ரசமும் கொடுத்தார். அவருக்கு விழுங்க முடியாது, விரலை ரசத்தில் நனைத்து உதட்டில் வைத்தார்.

மறுநாள் விடிகாலையில், கேட் திறக்குமுன்பே அவர் போய்விட்டார். அடக்கத்துக்குச் சுங்கை பெசாரிலிருந்து மேரி குடும்பமும், டவுனிலிருந்து மரைக்காயரும் வந்தார்கள், புண்பட்ட காலோடு. ஆறு மணிக்குள் எல்லாரும் வேலிக்குள் திரும்பவேண்டும் என்பதால் பாட்டில் இரண்டு சரணத்தைக் குறைத்துக்கொண்டோம்.

ஆனால் அந்தக் கடைசி மத்தியானத்தைத்தான் முடிவாகச் சொல்லவேண்டும். இரண்டு மணிக்கு மணி அடித்தார்கள். நான் எழுந்தேன். அவர் என் சேலையைப் பிடித்தார். திரும்பிக் குனிந்தேன். என் முகத்துக்கு நேரே அவர் உதடு மெல்ல அசைந்தது, ஒவ்வொரு எழுத்தாக. சத்தம் இல்லை. ஆனால் நான் பெற்று, நான் பெயர் வைத்த பிள்ளை. எனக்குத் தெரியாதா? இன்னொருதரம் சொன்னார். நானும் சத்தமில்லாமல் திருப்பிச் சொன்னேன்.

மரைக்காயர் பக்கத்துக் கட்டிலிலிருந்து கழுத்தை எட்டிப் பார்த்தார்.

"என்னா தங்கச்சி சொல்றார்? எனக்கு ஒண்ணும் வெளங்கலியே?"

"அது எங்களுக்குள்ள நானா," என்றேன்.